ஏழு ஓம்புயிரிகள்

ஒரு கிருமியை ஒழிக்க வேண்டுமானால், அதை ஒழிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரே மொழியில் பேச வேண்டும். இது எங்கள் பல்கலைக்கழகத்தின் கொள்கை. "பெண்களிடையே கிளமிடியா தொற்று: ஒரு பல்துறைக் கூட்டாய்வு" என்ற ஐந்தாண்டுத் திட்டம் இந்தக் கொள்கையின்படிதான் தொடங்கப்பட்டது. திட்டத்தில் எட்டுப் பேர். அதில் ஏழு பேர் பெண்கள், ஆளுக்கொரு துறை. எட்டாவது ஆள் பேராசிரியர் டெஸ்மண்ட். பெண்களைப் பற்றிய ஆய்வு என்பதால் தலைமை அவருக்கு.

நான் ரோனா. புள்ளியியல். யாருக்காவது ஒரு எண் தேவைப்பட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த எண் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் கூப்பிடுவார்கள்.

கிளமிடியாவைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படுக்கையில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிற தொற்று. பெரும்பாலும் வலி இருக்காது, அறிகுறி இருக்காது. சத்தம் போடாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டு கருக்குழாயைக் கெடுத்து வைக்கும். பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிற காலத்தில்தான் பல பெண்களுக்கு விஷயமே தெரியவரும். கண்டுபிடிக்க ஒரு பஞ்சுக் குச்சி போதும், குணமாக ஒரு வாரம் மாத்திரை போதும். இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் ஐந்து வருடம் தேவைப்பட்டது.

ஏழு பேரில் ஒருத்தி கால்நடை மருத்துவர் ப்ரைடி. மரத்திலேயே வாழ்கிற கரடி போன்ற கோவாலாக்களுக்கும் இந்தக் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுக் கிருமி வருகிறது. ஆஸ்திரேலியாவில் எங்கள் குவீன்ஸ்லாந்துக் காட்டில் பாதி மரங்களில் அது உட்கார்ந்திருக்கிறது. பெண்களை மட்டும் வைத்து அனுப்பிய நிதி விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை டெஸ்மண்ட் அட்டையில் ஒரு கோவாலாக் குட்டியின் படத்தைப் போட்டார். உள்ளே ஒரு வரிகூட மாறவில்லை. ஒப்புதல் வந்துவிட்டது. படம் போட்ட பிறகு உண்மையிலேயே ஒரு கோவாலா டாக்டரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம், அதனால் ப்ரைடி.

முதல் எட்டு மாதம் பொதுச் சொற்பட்டியல் தயாரித்தோம். செவ்வாய்க்கிழமை தோறும் பத்து மணி டீக்கு உட்காருவோம். முறைவைத்து ஒருத்தி லாமிங்டன் கேக் கொண்டுவர வேண்டும். சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்.

"'நோயாளி'ங்கற வார்த்தையே வேண்டாம். அது ஆளை ஒரு நோயாக் குறுக்கிடுது," என்றாள் சமூகவியல் இமோஜன்.

"'பங்கேற்பாளர்'னு வச்சுக்கலாமா?" என்றார் டெஸ்மண்ட்.

ப்ரைடி ஒத்துக்கொள்ளவில்லை. "என் ஆளுங்க ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் மரத்துல தூங்கறவங்க. அவங்க எதுல பங்கேற்கறாங்க?"

"பொம்பளைன்னு சொன்னா என்ன கெட்டுப்போகுது?" என்று கேட்டவள் மெர்ல். வளாகத்து மகப்பேறு கிளினிக்கில் நர்ஸ். இருபத்தாறு வருடமாக இந்தத் தொற்றை ஆள் ஆளாகக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்து அனுப்புகிறவள். ஆகவே திட்டத்தில் அவளுக்கு "சமூகக் குரல்" என்று பதவி.

"அது ப்ரைடியோட வேலையை ஒதுக்கிடும், மெர்ல்," என்று டெஸ்மண்ட் அன்பாகச் சொன்னார். மெர்ல் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஏறியது. எங்கள் திட்டத்தில் ஒரு கருத்தைப் புதைக்க வேண்டுமானால் அப்படித்தான் எழுதுவோம்.

கடைசியில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட சொல் ஓம்புயிரி. கிருமிக்கு உள்ளே இடம் கொடுத்து வைத்திருக்கிற உயிர். பெண்ணுக்கும் பொருந்தும், கோவாலாவுக்கும் பொருந்தும், யாரையும் புண்படுத்தாது, யாருக்கும் புரியாது. அன்றைக்குக் கூடுதலாக ஒரு கேக் வெட்டினோம். நானும் கை தட்டினேன், மறைக்க மாட்டேன்.

ஒன்பதாம் மாதம்தான் பஞ்சுக் குச்சிப் பெட்டிகள் வந்தன. பெண்கள் தாங்களே மாதிரி எடுத்து அனுப்பும் பெட்டி. வெளியாட்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் நாமே ஒருமுறை செய்து பார்ப்போம், பங்கேற்பு ஆய்வு என்பது அதுதான் என்று இமோஜன் சொன்னாள். இது புது மோகம். மறுத்தால் பழைய ஆள் என்று அர்த்தம். ஆகவே ஏழு பேரும் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தோம். எந்த மாதிரி யாருடையது என்று யாருக்கும் தெரியாதபடி எண்ணிடும் பொறுப்பு எனக்கு. எண்களை மூடிய உறையில் போட்டு, ப்ரைடியின் தொப்பியில் கலக்கி, ஆளுக்கொன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டச் செய்தேன். எவளுக்கும் தன் எண்கூடத் தெரியாது. பதினான்கு வருட வேலையில் ஒரு குறையும் இல்லாமல் நான் செய்து முடித்த காரியம் அது ஒன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. பெட்டிகள் நன்றாக வேலை செய்கின்றன. ஐந்தாம் எண்ணுக்குத் தொற்று இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை யாரும் கேக்கைத் தொடவில்லை. டெஸ்மண்ட் மட்டும் ஒரு துண்டு எடுத்தார். ஏழு பேரில் தான் இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"ரொம்ப சுவாரசியமான தரவு," என்றார்.

"இதுல என்ன சுவாரசியம்?" என்றாள் மெர்ல். "நம்மில ஒருத்திக்கு இருக்கு. கீழ என் கிளினிக்குக்கு ஒவ்வொருத்தியா வாங்க. ஆளுக்குப் பத்து நிமிஷம். நானும் மாதிரி குடுக்கறேன். வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும்."

ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அது ஆய்வு முறைக்கு ஒவ்வாது என்றாள் ஒருத்தி. அது மறைமுகக் கட்டாயம் ஆகும் என்றாள் இமோஜன். "அது மாதிரியையே ஒரு பக்கமாச் சாய்ச்சிடும்," என்றேன் நான். அதற்கு என்ன பொருள் என்று எனக்கே தெரியாது. ஆனால் புள்ளியியல்காரி சொன்னால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்தாறு வயது. என் கணவன் டாரிலும் நானும் இரண்டு வருடமாகப் பிள்ளைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு மாதமும் ஏமாற்றம். ஐந்தாம் எண் நானாக இருந்தால் அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் கிடைத்துவிடும், ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போடுவது இன்னும் கொஞ்சம் கெடுக்கும். இது மற்ற எல்லோரையும் விட எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அட்டவணைகளை வரைந்தவளே நான்தான். ஆனால் மெர்லிடம் போய் நின்றால், "எனக்குச் சந்தேகம்" என்று சொன்னதாகிவிடும். அப்புறம் டாரிலிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் என்னைச் சந்தேகப்படுவானா, நான் அவனைச் சந்தேகப்படுவேனா என்று தெரியவில்லை. "பெண்கள் ஏன் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள்" என்ற நாற்பது பக்க அத்தியாயத்தை எழுதியவள் நான். அதில் இப்படிப்பட்ட பெண்களுக்கு "போதிய தகவல் இல்லை" என்று எழுதியிருந்தேன். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

ஆகவே முறைப்படி போவது என்று முடிவாயிற்று. மனித ஆய்வு நெறிமுறைக் கமிட்டியின் செயலர் காலினுக்குப் போன் போட்டேன்.

"ஐந்தாம் எண் யாருன்னு கண்டுபிடிக்கணும், காலின்."

"அவங்க சம்மதம் இருக்கா?"

"யாருன்னு தெரிஞ்சாத்தானே சம்மதம் கேக்க முடியும்?"

"சம்மதம் இல்லாம யாருன்னு தெரிஞ்சுக்கக் கூடாதே."

"சரி, ஏழு பேருமே சம்மதம் எழுதித் தர்றோம்."

"ஏழுல ஆறு பேருக்கு இதுல சம்பந்தமே இல்லையேம்மா. சம்பந்தமில்லாத ஆறு பேர் குடுக்கற சம்மதத்தை நான் எந்த ஃபைல்ல வைக்கறது?"

"இன்னொரு தடவை ஏழு பேரும் மாதிரி குடுத்தா?"

"அது புது ஆய்வு. புது ஃபாரம். அடுத்த கூட்டம் பதினோரு வாரம் கழிச்சு."

"அதுக்குள்ள அந்தப் பொண்ணோட உடம்பு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நல்ல மனிதர். "உடம்பு எங்க கமிட்டியோட வரம்புல வராது, ரோனா. நாங்க அந்தரங்கத்தை மட்டும்தான் பாதுகாக்கறோம்."

இதை அடுத்த செவ்வாய்க்கிழமை சொன்னபோது ப்ரைடி கோபத்தில் கோப்பையை டொக்கென்று வைத்தாள். "எங்க பக்கம் இப்படி நடந்தா என்னை வேலைய விட்டே தூக்கிடுவாங்க. ஒரு கோவாலாவுக்குச் சீக்குன்னு தெரிஞ்சும் மருந்து குடுக்காம நான் ஒரு வாரம் வச்சிருந்தா அது மிருகவதை."

"நம்மள வச்சிருந்தா?" என்றேன்.

"நமக்கு அது தனியுரிமை."

டெஸ்மண்ட் மெதுவாக நிமிர்ந்தார். அவர் முகத்தில் நிதி கிடைக்கும்போது வருகிற வெளிச்சம். "ப்ரைடி, உங்க விலங்கு நெறிமுறைக் கமிட்டி எத்தனை நாள்ல பதில் சொல்லும்?"

"அவசரம்னா ரெண்டு நாள்."

"அந்த ஃபாரத்துல உயிரினம்ங்கற இடத்துல நாம என்ன எழுதறோம்?"

"பொதுச் சொற்பட்டியல் வந்ததிலிருந்து ஓம்புயிரின்னு எழுதறோம்." சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. "ஐயோ, டெஸ்மண்ட்!"

எட்டு மாத உழைப்பு வீண் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பினோம். பொய் எழுதக்கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தோம். ஓம்புயிரிகளின் எண்ணிக்கை: ஏழு. பால்: பெண். சராசரி எடை: அறுபத்தெட்டுக் கிலோ. நான் கணக்கிட்டேன், மூன்று பேர் குறைத்துச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். வாழிடம்: பல்கலைக்கழக வளாகம், பி கட்டடம், மூன்றாம் தளம். பிடித்த முறை: உணவு காட்டி. ஒன்றுக்குத் தொற்று உறுதி, எது என்று அடையாளம் காண இயலவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஒப்புதல் வந்தது. விலங்கு நெறிமுறைக் கமிட்டி எங்கள்மேல் காட்டிய பரிவைப் போல் இதுவரை எந்தக் கமிட்டியும் காட்டியதில்லை. எது என்று தெரியாதபோது ஏழுக்கும் உடனே சிகிச்சை அளிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். தேவையின்றி வலி தரக் கூடாது. பயந்துவிடாமல் மெல்லிய குரலில் பேச வேண்டும். சிகிச்சை முடிந்ததும் பிடிபட்ட இடத்திலேயே விட வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை கட்டாயம். ஒரே ஒரு கேள்வி: எடை வழக்கத்தை விடப் பத்து மடங்கு இருக்கிறதே, அடைத்து வைத்து அதிகம் தீனி போடுகிறீர்களா? "செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்" என்று டெஸ்மண்ட் பதில் அனுப்பினார்.

மாத்திரையை மெர்ல்தான் கொடுத்தாள். கோவாலாவுக்கு ஊசியில் போவதும் எங்களுக்கு மாத்திரையில் வருவதும் ஒரே டாக்ஸிசைக்ளின்தான். ஆனால் அவள் எங்களை வரிசையில் நிறுத்தவில்லை.

"கமிட்டி என்ன வேணா எழுதிக்கட்டும்," என்றாள். "நான் மனுஷங்களுக்குக் குடுக்கற மாதிரிதான் குடுப்பேன். கதவைச் சாத்திட்டு வா, உக்காரு. வேற மருந்து எதுவும் ஒத்துக்காதா?"

"எல்லாம் ஒத்துக்கும்."

"வயித்துல புள்ள இருக்கா?"

"இல்ல," என்றேன். உடனே, "இன்னும் இல்ல" என்று திருத்தினேன். மெர்ல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நானும் எழுந்து வந்துவிட்டேன்.

ஆனால் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "மாத்திரை சாப்பிட்டாச்சு, சரி. வீட்டு ஆளுங்ககிட்ட யார் யாரு சொன்னீங்க? அவங்களும் சாப்பிடலைன்னா இது நாளைக்கே திரும்பி வந்து நிக்கும்."

நாங்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம்.

"நியாயமான கேள்வி," என்றார் டெஸ்மண்ட். "ஆனா திட்டத் தலைப்பைப் பாருங்க மெர்ல். 'பெண்களிடையே'. ஆண்கள் நம்ம வரம்புல இல்ல."

"கிருமி தலைப்பைப் படிச்சுட்டா வருது?"

அதுவும் கவனத்தில் கொள்ளப்பட்டது. கையைத் தூக்கி ஆமோதித்தவர்களில் நானும் ஒருத்தி. டாரிலிடம் சொல்லாமல் தப்பிக்க ஒரு விதிமுறையே கிடைத்துவிட்டது, விடுவேனா?

எல்லாம் நல்லபடியாக முடிந்தது போலத்தான் இருந்தது. கேக் மறுபடி தீர ஆரம்பித்தது. "எல்லைகளைக் கடந்த சிகிச்சை" என்று டெஸ்மண்ட் சிட்னி மாநாட்டில் பேசி விருது வாங்கி வந்தார். மூன்று மாதம் ஆனதும், விடுவிக்கப்பட்ட ஓம்புயிரிகளைப் பின்தொடர வேண்டும் என்ற விதிப்படி மறுபடி ஏழு பஞ்சுக் குச்சி, மறுபடி தொப்பி.

ஏழில் ஒன்றுக்குத் தொற்று இருந்தது.

"அபாரம்!" என்றார் டெஸ்மண்ட். "மறுதொற்று! இதுக்கே தனியா இன்னொரு அஞ்சு வருஷம் கேக்கலாம். 'ஆண்களிடையே'ன்னு தலைப்பு. ரோனா, எத்தனை ஆண்கள் தேவைப்படும்னு ஒரு கணக்குப் போட்டுக் குடுங்களேன்."

தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படியிறங்கி நேராக மெர்லின் கிளினிக்குக்குப் போனேன். பெயரைச் சொன்னேன். பிறந்த தேதியைச் சொன்னேன். பத்து நிமிடம் என்று அவள் மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். ஏழு நிமிடம்தான் ஆயிற்று. வெள்ளிக்கிழமை அவளே போன் செய்தாள்.

"உனக்குத்தான் கண்ணு," என்றாள். "அழாதே. மாத்திரை எடுத்து வைக்கறேன். இந்தத் தடவை ரெண்டு பேருக்கு. நீ அவன்கிட்டச் சொல்லு, இல்ல நான் சொல்றேன்."

டாரில் இரண்டு வாரம் சுரங்கத்தில் இருப்பான், ஒரு வாரம் வீட்டில் இருப்பான். அது வீட்டு வாரம். நான் போனபோது கொல்லையில் நின்று பார்பிக்யூத் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வழியெல்லாம் வாக்கியம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். இமோஜனின் அத்தியாயத்திலிருந்துகூட இரண்டு வரி மனப்பாடம் செய்திருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று.

"டாரில், எனக்கு கிளமிடியா இருக்கு."

சுரண்டுவதை நிறுத்தினான். கத்துவான் என்று நினைத்தேன். "அடக் கடவுளே, உனக்கு இன்னும் போகலையா?" என்றான்.

"இன்னுமா? இன்னும்னா என்ன அர்த்தம்?"

"எனக்குப் போன வருஷமே போயிடுச்சே. சுரங்கத்து டாக்டர் பார்த்துட்டு ஒரு வாரம் மாத்திரை குடுத்தாரு."

நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். "போன வருஷமா? ஏன் என்கிட்டச் சொல்லல?"

"சொன்னேனே."

"எப்ப சொன்னே?"

"வாயால இல்ல," என்றான். காது வரை சிவந்துவிட்டது அவனுக்கு. "நீ இதுக்குன்னே வேலை பாக்கறவ. உன்கிட்டப் போய் நான் எப்படிடி வாயத் திறப்பேன்? டாக்டர்கிட்டச் சொன்னேன், எனக்கு நாக்கு எழமாட்டேங்குதுன்னு. அவரு ஒரு துண்டுத்தாள் குடுத்தாரு. 'உங்கள் துணையிடம் எப்படிச் சொல்வது'ன்னு. பேச முடியாதவங்க இதை எடுத்துக் கையில குடுத்தாலே போதும்னு அதுலயே போட்டிருந்துச்சு. நீ காலையில டோஸ்ட் சாப்பிட்டுக்கிட்டு இருந்தே. உன் தட்டுக்குப் பக்கத்துல வச்சேன். வச்சுட்டு அங்கயே நின்னேன்."

"நான் படிச்சேனா?"

"முழுசாப் படிச்சே. அப்புறம் பேனா எடுத்தே. எழுத்து சின்னதா இருக்குன்னு ஓரத்துல எழுதினே. கடைசி வரியில ஒரு முற்றுப்புள்ளி வச்சே. 'சுரங்கம் வரைக்கும் வந்திருச்சா, பரவாயில்லையே'ன்னு சொல்லிட்டு, மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, எனக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு ஆபீஸுக்குப் போயிட்ட." தட்டை மறுபடி சுரண்டத் தொடங்கினான். "நீ மன்னிச்சுட்டேன்னு நெனச்சேன்."

எனக்கு நினைவு வந்தது. அது எங்கள் திட்டத்தின் முதல் மாதங்களில் அச்சிட்டு அனுப்பிய துண்டுத்தாள். அதை எழுதியது நான். பேச முடியாதவர்கள் கையில் கொடுத்தாலே போதும் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி மூன்று செவ்வாய்க்கிழமைக் கூட்டம் சண்டை போட்டதும் நான்தான். என் கணவன் அந்த வரியை நம்பினான்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இருவருக்குமே ஒரு வாழ்க்கை இருந்தது. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். பிறகு அவன் ரகசியமாகக் குணமாகி என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். நான் கோவாலாவாகக் குணமாகி அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். மறுநாள் மெர்லிடம் போய் இரண்டு நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை வாங்கினோம். ஒரே வாரம், ஒரே நேரம், ஒரே தண்ணீர்க் குவளை. என் கருக்குழாய்களைப் பார்க்க அடுத்த மாதம் இருபதாம் தேதி ஸ்கேன் இருக்கிறது. கெட்டுப்போயிருக்குமா என்று மெர்லிடம் கேட்டேன். பார்த்தால்தான் தெரியும் என்றாள். அந்தத் தேதி வருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும் போலிருக்கிறது. டாரில் லீவு போட்டிருக்கிறான்.

துண்டுத்தாளின் இரண்டாம் பதிப்பு போன வாரம் அச்சாகி வந்தது. அன்றைக்கு டோஸ்ட் சாப்பிட்டபடி நான் ஓரத்தில் எழுதியதைப் போலவே எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கடைசி வரியில் முற்றுப்புள்ளி இருக்கிறது. கீழே, "பயனாளர் ஒருவரின் கருத்தைக் கேட்டுத் திருத்தியவர்" என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.